வளைவுக்கு ஒரு ஆள்

கேரள எல்லையோரம் எருத்தேன்பதியில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு நிலவரத்தைக் கவனித்துக்கொண்டிருக்கிறோம். மாமனார் தேங்காய் விலையைப் பார்ப்பார். மனைவி தங்கம் பார்ப்பாள். நான் வாராவாரம் ஜப்பானில் எந்த வீடியோ கேம் கருவி எவ்வளவு விற்றது என்று பார்ப்பேன். தேங்காய் ஏறினால் மாமனாருக்கு லாபம். தங்கம் ஏறினால் மனைவிக்கு வருத்தம், எனக்கு நிம்மதி. ஜப்பானில் எது ஏறினாலும் எது இறங்கினாலும் எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. இருந்தும் பார்க்கிறேன். ஒரு காலத்தில் என் மானம் அந்தக் கணக்கில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மானம் போய் வெகுநாளாகிவிட்டது, பழக்கம் மட்டும் போகவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வீடியோ கேம் கருவிகளில் இரண்டு சாதி. ஒன்று, வீட்டில் டி.வி.க்குப் பின்னால் ஒயரைச் செருகி ஆடும் பெட்டி. இன்னொன்று, திரையும் பொத்தானுமாகக் கையிலேயே அடங்கிவிடுவது. உலகத்தில் பல இடங்களில் பெட்டிக்குத்தான் மரியாதை. ஜப்பான்காரர்கள் மட்டும் வெகுகாலம் கையடக்கத்தின் பக்கம் சாய்ந்திருந்தார்கள். அங்கே பெட்டி திண்டாடிய ஆண்டுகளிலும் கையடக்கம் கொழித்தது. ஏன் என்று பெரியவர்கள் காரணம் கண்டுபிடித்து எழுதினார்கள். வேலைக்குப் போக அவர்களுக்கு நெடுந்தூர ரயில் பயணம். திரும்பி வந்தால் காலை நீட்டினால் சுவரில் இடிக்கும் வீடு. ஆகவே ஆட்டம் ரயிலில் நடக்கிறது, வீட்டில் நடப்பதில்லை.

இதை நான் படித்தது பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கிய ஓர் ஆங்கிலப் பத்திரிகையில். அப்போது பீர்மேட்டில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் ஆபீசில் கிளார்க். எது கிடைத்தாலும் படிப்பேன். படித்ததை எதிரில் இருப்பவரிடம் சொல்லியே தீர்வேன். இந்த இரண்டு குணமும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் அவன் ஒன்று வாத்தியாராக வேண்டும், இல்லையென்றால் கடை வைத்து நொடிக்க வேண்டும். வாத்தியார் வேலை கிடைக்கவில்லை.

கல்யாணம் ஆன புதிது. மனைவி எருத்தேன்பதிக்காரி, பொள்ளாச்சியில் என்னோடு படித்தவள். தென்னந்தோப்பும் கடலைக்காடுமாக நாலு பக்கமும் சமதரையைப் பார்த்தே வளர்ந்தவளை மலைக்குக் கூட்டி வந்து, எஸ்டேட் லயத்தில் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீட்டில் குடிவைத்திருந்தேன். ஒரு சாயங்காலம் அவளிடம் என் திட்டத்தை வெளியிட்டேன். வேலையை விட்டுவிடலாம், கம்பம்மெட்டு முக்கில் கடை போடலாம். இந்தப் பக்கம் கேரளா, அந்தப் பக்கம் கம்பம், நடுவில் ஏலக்காய்ப் பணம் புழங்கும் இடம். வீடியோ கேம் கடை.

எந்த மாதிரிக் கேம் என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஜப்பானைச் சொன்னேன், ரயிலைச் சொன்னேன், பிறகு என் வாழ்நாளின் மிகச் சிறந்த தர்க்கத்தை எடுத்து வைத்தேன். நாம் இருக்கிற இடுக்கி மாவட்டத்தில் ரயிலே கிடையாது. ஓர் அடி தண்டவாளம்கூட இல்லை. ரயில் இல்லாத ஊரில் கையடக்கம் எப்படி விற்கும்? ஆகவே நமக்குப் பெட்டிதான்.

அவள் கேட்டாள்: "ஏனுங்க, ரயிலில்லீன்னா இந்தூரு ஜனம் வேலைக்கு நடந்தா போவுது?"

சமவெளிக்காரி, மலையைப் பற்றி என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

மாமனாரிடம் சொல்ல எருத்தேன்பதிக்குப் போனோம். தோப்பில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, நான் சொன்ன எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஜப்பான் உட்பட. கேட்டு முடித்துவிட்டு, "ரெண்டு காயெடுப்பு பாக்கறனுங்க மாப்ள" என்றார். ஏலக்காய் அறுவடைக் காலத்தைத்தான் அப்படிச் சொன்னார். "அதுக்குள்ள கடை நின்னுபோச்சுன்னா சந்தோசம். நிக்கலீன்னா ரெண்டு பேரும் பேசாம நம்ம ஊட்டுக்கு வந்துருங்க. தோப்பு இருக்குது, மாடு கன்னு இருக்குது. வயித்துக்கென்னுங்க கொறை?"

மிரட்டியிருந்தால் நானும் வீறாப்பாக ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் பிரியமாகச் சொன்னார். இளநீரைக் கீழே வைத்துவிட்டுத் தலையாட்டினேன்.

வீட்டோடு மாப்பிள்ளை என்றால் என்ன என்று தமிழ் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் முறை சோறு கேட்பதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டும். மின்விசிறியைக் கூட்டுவதற்கு முன் யாராவது அறைக்குள் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பக்கத்துத் தோப்பிலேயே அப்படி ஒருவர் இருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது, பேரன் பேத்தி எடுத்துவிட்டார், ஆனாலும் ஊருக்கு அவர் இன்னார் வீட்டு மாப்பிள்ளைதான். அவருக்கென்று ஒரு பேர் இருந்ததா என்பதே சந்தேகம். அன்று திரும்பும்போது பஸ் ஜன்னல் வழியே அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

கடை திறந்தோம். சுவர் அலமாரி முழுக்கப் பெட்டிகள். ஒரு டி.வி.யை வைத்து எப்போதும் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும்படி செய்தேன். கூட்டத்துக்குக் குறைவில்லை. ஜீப்புக்காகக் காத்திருப்பவர்கள், செக்போஸ்ட்டில் லாரியை நிறுத்தியவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள் எல்லோரும் வந்து நின்று வாயைத் திறந்து பார்ப்பார்கள், எனக்கு யோசனையும் சொல்வார்கள். பிறகு மழை விடும்.

வாங்க மட்டும் ஒருவரும் முன்வரவில்லை. காரணம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். டி.வி.க்குப் பின்னால் கேம் ஒயரைச் செருகினால் பிக்சர் டியூப் போய்விடும் என்பது மலை முழுக்க நிலவிய உறுதியான அறிவு. அதை மறுத்து நான் கொடுத்த விளக்கங்களைக் கேட்டவர்கள், நான் டி.வி. ரிப்பேர்க்காரனிடம் பங்கு வைத்திருப்பதாக முடிவுகட்டினார்கள். அதோடு டி.வி. என்பது லயத்தில் ஒரு வீட்டுக்குச் சொந்தமான பொருளும் அல்ல. விளக்கு வைத்துவிட்டால் அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் சீரியல் பார்க்க அங்கேதான் கூடும். நடுவில் ஒருவன் பெட்டியைச் செருகிக் கார் ஓட்டினால் அவனை ஓட்டிவிடுவார்கள். மீதி நேரத்தில் கரண்ட் இருக்காது. ஜூன் பிறந்தால் எங்கள் பக்கத்தில் மழைக்கும் கரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

ஒரே ஒரு லாரி டிரைவர் துணிந்து ஒரு பெட்டி வாங்கிப் போனார். மறுநாள் காலையில் அதைக் கட்டிய கயிறு கட்டியபடியே கொண்டு வந்து வைத்தார். அந்த டி.வி. அவர் மனைவிக்கு அம்மா வீட்டில் சீராக வந்ததாம். பூவேலை செய்த துணி போட்டு மூடி வைத்திருந்ததாம். இவர் துணியை விலக்கியதும் அந்த அம்மாள், அதோட முதுகில் ஒயரைக் குத்துகிறதென்றால் முதலில் என் முதுகில் குத்திவிட்டுக் குத்து என்று குறுக்கே நின்றுவிட்டாராம். சொல்லிவிட்டு அவர் வருத்தத்தோடு எங்கள் டி.வி.யில் ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போனார்.

முதல் காயெடுப்பு இப்படிக் கழிந்தது.

கடையில் முன்பக்கம் மனைவி உட்காருவாள். நான் உள்ளே உட்கார்ந்து ஜப்பானைப் படிப்பேன். அவள் எதிரில் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கம்பத்திலிருந்து காய் எடுக்க வரும் பெண்கள் விடிகாலையிலேயே ஜீப்பில் அடைசலாக ஏறி, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வருவார்கள். முக்கில் நிறுத்தி ஒரு டீ. பிறகு தோட்டத்துக்கு. சாயங்காலம் அதே ஜீப், அதே வளைவுகள், இறக்கம். எனக்கும் தினமும் கண்ணில் பட்ட காட்சிதான். தண்டவாளத்தில் ஓடவில்லை என்பதால் நான் அதைப் பயணத்தில் சேர்க்கவில்லை.

மளிகை வாங்கக் கம்பத்துக்குப் போன ஒரு நாள், மனைவி பையில் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் நாலைந்து கையடக்கங்களோடு திரும்பினாள். ஜப்பானுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ஃபேன்சி ஸ்டோரில் சீப்புக்கும் வளையலுக்கும் நடுவில் தொங்குமே, அந்த ரகம். இரண்டு பென்சில் செல் போட்டால் மேலேயிருந்து கற்கள் விழும், அவற்றைத் திருப்பித் திருப்பிக் கீழே சந்து விடாமல் அடுக்க வேண்டும், அவ்வளவுதான். நான் அவளுக்குச் சந்தை நிலவரத்தை மீண்டும் ஒருமுறை எடுத்துச் சொன்னேன். அவள் ஒன்றைத் தினமும் டீ குடிக்க இறங்கும் ஓர் அக்காவிடம் கொடுத்து, "போறப்ப ஆடிப் பாருங்கக்கா, புடிச்சா வெச்சுக்கங்க" என்றாள்.

அந்த வாரமே அந்த ஜீப்பில் சண்டை வந்துவிட்டது. கருவி ஒன்று, கைகள் பத்துப் பன்னிரண்டு. ஆளாளுக்குப் பிடுங்கியதில் டிரைவருக்கு ஸ்டியரிங் நிற்கவில்லை. அவர்தான் பஞ்சாயத்துச் செய்தார். வளைவுக்கு ஒரு ஆள். ஒவ்வொரு வளைவிலும் எப்படியும் ஹார்ன் அடிக்க வேண்டும். ஹார்ன் கேட்டதும் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட வேண்டும், கல் பாதியில் விழுந்துகொண்டிருந்தாலும் சரி. மேல்முறையீடு கிடையாது.

இதில் அழகு என்னவென்றால், ஆட்டம் முடியாமல் கை மாறும். முந்தினவள் அடுக்கி வைத்த கோணலை அடுத்தவள் வாங்கிக்கொண்டு அதன்மேல் அடுக்க வேண்டும். "சம்சாரத்துல மட்டும் என்னவாம்" என்று ஓர் அக்கா கடை வாசலில் சொல்ல, மொத்த ஜீப்பும் சிரித்தது. அந்தச் சிரிப்போடுதான் அடுத்த ஜீப்பிலும் ஒன்று கேட்டார்கள். பிறகு அதற்கடுத்த ஜீப். பிறகு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களில் அடுப்புக்குக் காவல் இருப்பவர்கள். காலையில் செல் மாற்ற வரிசை நிற்கும். நான் செல் எடுத்துக் கொடுப்பேன்.

ஒருநாள் பொறுக்காமல் மனைவியிடம் கேட்டேன். இத்தனை பேர் ஆசையாக ஆடுகிறார்கள், வீட்டில் பெரிய திரையில் ஆடலாம் என்று ஒருத்திக்குமா தோன்றவில்லை?

"ஊட்டுக்குப் போனா அவங்க கை சும்மாவா இருக்கும்? அடுப்பு, புள்ள, தண்ணிக்கொடம். தோட்டத்துலயும் சும்மா இல்ல. ஜீப்புல மட்டுந்தானுங்க கை சும்மா இருக்குது."

ஜப்பானைப் பற்றிப் படித்த எந்தக் கட்டுரையும் இவ்வளவு சுருக்கமாக எழுதப்பட்டிருக்கவில்லை. அங்கேயும் ரயிலில்தான் ஓர் ஆள் யாருக்கும் மனைவியாக, மகனாக, குமாஸ்தாவாக இல்லாமல் இருக்க முடிந்திருக்கும் என்று அப்போது தோன்றியது. அவளிடம் சொல்லவில்லை. அதையும் ஒரு பத்திரிகையில் படித்ததாக நினைத்துக்கொள்வாள்.

இரண்டாவது காயெடுப்பு முடிகிற சமயத்தில் மாமனார் போன் செய்தார். கடையைப் பார்க்க வருகிறார். எனக்கு அந்த மாடு ஓட்டுகிறவரின் முதுகுதான் கண்முன் வந்தது. வீட்டோடு மாப்பிள்ளையா இல்லையா என்பது அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும். பதற்றத்தில் நான் செய்த காரியம் என்னவென்றால், கையடக்கங்களையெல்லாம் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டுப் பெட்டிகளைத் துடைத்து முன்னால் அடுக்கினேன். தென்னந்தோப்புக்காரர், கனமான சாமான்களைப் பார்த்தால்தான் மதிப்பார் என்பது என் கணக்கு. டி.வி.யில் கார்ப் பந்தயத்தை ஓடவிட்டேன். கரண்ட் போயிற்று. மனைவி குனிந்து கையடக்கங்களை எடுத்து மறுபடி மேஜைமேல் வைத்தாள்.

அவர் பஸ் மாறிப் பஸ் மாறிக் கம்பம் வந்து, அங்கிருந்து காலை ஜீப்பில் ஏறியிருக்கிறார். ஜீப் முக்கில் வந்து நின்றது. பெண்கள் இறங்கினார்கள். இறங்கியும் போகாமல் ஜீப்புக்குள் பார்த்து ஏதோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியாக வெள்ளை வேட்டியோடு மாமனார் இறங்கினார், தலை குனிந்தபடி. நான் தலைசுற்றல் என்று நினைத்துத் தண்ணீரோடு ஓடினேன்.

தலைசுற்றல் இல்லை. ஜீப்பில் நடந்ததை டிரைவர் சொன்னார், அக்காமார் திருத்தினார்கள். ஏதோ ஒரு வளைவில் முறை வந்து கருவி மாமனாரின் கைக்குப் போயிருக்கிறது. வெள்ளை வேட்டி என்பதற்காக வளைவுச் சட்டத்தை யாரும் தளர்த்தவில்லை. எந்தப் பொத்தான் எதற்கு என்று பக்கத்திலிருந்தவள் காட்டியிருக்கிறாள். அடுத்த வளைவில் ஹார்ன் அடித்தது. அவர் கொடுக்கவில்லை. "பெரியவரே, ஆரன் அடிச்சாச்சு, குடுங்க" என்றிருக்கிறார்கள். "இரு அம்மிணி, இந்தக் கல்லு எறங்கட்டும்" என்றிருக்கிறார். கல் இறங்கியது. அடுத்த கல் வந்தது. இப்படியே அவர் பல பேருடைய வளைவுகளைச் சேர்த்து ஆடிவிட்டார். முறை பறிபோனவர்கள்தான் வாசலில் நின்று நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் மனைவி எல்லோருக்கும் டீ சொல்லி அப்பாவை ஜாமீனில் எடுத்தாள்.

கடைக்குள் வந்து உட்கார்ந்தார். வலது கட்டை விரலைத் தேய்த்துக்கொண்டே அலமாரியைப் பார்த்தார்.

"இந்தப் பொட்டியெல்லாம் என்னுங்க மாப்ள?"

சொன்னேன். ஜப்பானைத் தவிர்த்துச் சொன்னேன்.

"ஜீப்புல ஓடுமுங்களா?"

"டி.வி. வேணும், மாமா."

அதற்குமேல் அவர் பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. மகளிடம் திரும்பி, இந்த ரோட்டில் எத்தனை ஜீப் போகும், மழைக்காலத்தில் போகுமா, செல் எத்தனை நாளைக்கு வரும் என்றெல்லாம் விசாரித்தார். அவள் விரல்விட்டு எண்ணாமல் பதில் சொன்னாள். டீயைக் குடித்து முடித்தார். டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கடை நிக்குமுங்க மாப்ள."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எம்புள்ள நல்லா நடத்துது. நீங்களும் கூடமாட இருந்து பாத்துக்கங்க."

ஆக, வீட்டோடு மாப்பிள்ளையாகாமல் தப்பித்தேன், கடையோடு மாப்பிள்ளையானேன். அவர் ஊருக்குத் திரும்பும்போது மேஜையிலிருந்து ஒரு கையடக்கத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். மனைவி கூடவே மாற்றுச் செல்லும் வைத்துக் கொடுத்தாள். இறக்கத்தில் அந்த ஜீப்பில் இரண்டு கருவிகள் இருந்தன, யாருக்கும் மனக்கசப்பு இல்லை என்று டிரைவர் பிறகு சொன்னார்.

கடை பல வருஷம் நின்றது. நல்ல வருஷங்கள். பனி மூடிய காலையில் ஜீப் கண்ணுக்குத் தெரியாது. வளைவில் ஹார்ன் மட்டும் கேட்கும், கூடவே உள்ளேயிருந்து ஒரு "அய்யய்யோ" கேட்கும். யாருக்கோ கல் பாதியில் கை மாறுகிறது என்று அர்த்தம். மனைவி அதைக் கேட்டுவிட்டுத்தான் டீக்கடைக்குக் குரல் கொடுப்பாள்.

பிறகு தொட்டால் ஆட்டம் ஓடும் போன் வந்தது. ஜப்பானிலும் போன்தான் கையடக்கத்தைத் தின்றது என்று இன்டர்நெட்டில் படித்து ஒருவிதத்தில் ஆறுதலடைந்தேன். நமக்கு வந்த கஷ்டம் அவ்வளவு பெரியவர்களுக்கும் வந்திருக்கிறதே. ஜீப்பில் இப்போது ஆளுக்கொரு போன். சண்டை கிடையாது. வளைவில் டிரைவர்கள் அதே ஹார்னைத்தான் அடிக்கிறார்கள். யாரும் யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை.

கடை கொஞ்சகாலம் போன் உறை விற்றது, ரீசார்ஜ் போட்டது, பிறகு தானாக ஓய்ந்தது. மாமியார் தவறிப்போன சமயம் அது. மாமனாருக்கு முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. பெரிய வீட்டில் தனியாளாக இருந்தார். மனைவி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும், அந்தப் பக்கத்துத் தோப்புக்காரரைப் பற்றி அவளிடம் அத்தனை தடவை புலம்பியிருக்கிறேன். கடைசியில் நான்தான் சொன்னேன், போகலாம் என்று. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மாடு ஓட்டத் தெரியுமுங்களா?" என்றாள். அன்றைக்கே அலமாரியைக் காலி செய்ய ஆரம்பித்தாள்.

எருத்தேன்பதியில் நான் இப்போது தோப்புக்காரர் வீட்டு மாப்பிள்ளை. வந்த புதிதில் பஸ் நிறுத்தத்தில் அந்த நரைத்த தலைக்காரரைப் பார்த்தேன். அவர் கொஞ்சம் நகர்ந்து பெஞ்சில் இடம் கொடுத்தார்.

இதற்கிடையில் ஜப்பான்காரர்கள் புதிதாக ஒன்று கொண்டுவந்தார்கள். வீட்டில் இருக்கும்போது டி.வி. பக்கத்தில் ஒரு தொட்டிலில் உட்கார வைத்தால் அது பெட்டி. உருவி எடுத்துக்கொண்டு கிளம்பினால் அது கையடக்கம். வருஷக்கணக்காக அங்கே அதுதான் முதலிடத்தில் இருக்கிறது. அதைப் பெட்டிக் கணக்கில் சேர்ப்பதா கையடக்கக் கணக்கில் சேர்ப்பதா என்று என்னைப் போன்றவர்கள் உலகம் முழுக்க உட்கார்ந்து வாதாடுகிறார்கள். தன் வீட்டில் இருக்கிறதா, இன்னொருவர் வீட்டில் செருகப்பட்டிருக்கிறதா என்று தெரியாத ஒரு பொருளின்மேல் எனக்குத் தனியாக ஒரு வாஞ்சை உண்டு. போன மாதம் ஒன்று வாங்கினேன்.

கூடத்தில் மாமனாரின் டி.வி. சுவரை அடைத்துக்கொண்டு தொங்குகிறது. அனுமதி கேட்டு, தொண்டையைச் செருமிவிட்டு, பின்னால் ஒயரைச் செருகினேன். எத்தனையோ வருஷம் கழித்து ஒரு டி.வி. எனக்கு முதுகைக் காட்டியது. அதே கல் அடுக்கும் ஆட்டம், வண்ணத்தில், சுவரளவுக்கு. மாமனார் சாய்வு நாற்காலியிலிருந்து கொஞ்சநேரம் பார்த்தார்.

"நல்லாத்தானுங்க இருக்குது. அந்த ஒயரக் கழட்டிப்போட்டு இப்படிக் கையில குடுங்க."

உருவிக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஆட ஆரம்பித்தார். அந்தக் கட்டை விரல் எதையும் மறந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக் காத்திருந்தேன். வெகுநேரம் காத்திருந்தேன். வீட்டோடு மாப்பிள்ளைக்கு அதற்குமேல் உரிமை உண்டா என்று யோசித்துவிட்டு, மெதுவாக, "மாமா, என் முறை" என்றேன்.

அவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. கண்ணை மட்டும் ஒரு விநாடி ஜன்னல் பக்கம் திருப்பினார். தோப்பு, அதையடுத்து வாய்க்கால், அதன் ஓரமாகக் கோடு கிழித்தாற்போல எல்லை வரைக்கும் நேராகப் போகும் ரோடு.

"இங்க வளைவே இல்லீங்களே மாப்ள. எங்க வெச்சுக் குடுக்கறது?"

மனைவி ஊஞ்சலில் உட்கார்ந்து போனில் தங்கத்தின் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் ஹார்ன் அடித்தாள்:

"பாம்... பாம்."

மாமனார் மறுபேச்சுப் பேசாமல் கருவியை என் கையில் கொடுத்துவிட்டார். ஒரு கல் பாதியில் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே அவர் அடுக்கி வைத்திருந்த கோணலைச் சொல்லி மாளாது. நான் அதன்மேல் அடுக்க ஆரம்பித்தேன்.